தெரசம்மாளின் நடை

அரியலூர் ஸ்டேஷன் வெள்ளைக்கார என்ஜினியர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன பியானோ, மாட்டுவண்டி ஏறி, ஏலாக்குறிச்சிக்கு மேற்கே ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. மாதா கோயிலுக்குள் பியானோ கூடாதென்று ரோமாபுரி உத்தரவு. பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். கோயிலில் ஆர்மோனியம், பள்ளிக்கூடத்தில் பியானோ. இரண்டுக்கும் ஒரே ஆள், பிலவேந்திரன் வாத்தியார்.

திருச்சியில் படித்த காலத்தில் பிரெஞ்சு சாமியார் ஒருவரிடம் விரல் பழகியவர். பூசைப் பாட்டு, மாதா பாட்டு, நாலு குரல் சேர்ந்து பாடும் பெரிய உருப்படிகள் என்று நாற்பதுக்கு மேல் கட்டியிருந்தார். ஒன்றிலும் தன் பெயரை எழுதியதில்லை. யார் கட்டினதென்று ஊரில் ஒருவரும் கேட்டதுமில்லை. கிணற்றுத் தண்ணீரை யார் செய்தார்கள் என்று கேட்பதுண்டா?

எது அவருடையது என்று மனைவி தெரசம்மாளுக்கு மட்டும் தெரியும். அவளுக்கு நெஞ்சு பலவீனம். திருச்சி டாக்டர் கையை விரித்த பிறகு, ஒரு சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“ஊருக்கெல்லாம் கட்டுறீங்க. எனக்கொண்ணு கட்டுனா என்னங்க?”

“என்ன பாட்டு வேணும்?”

“பாட்டு வேணாம். என்னயத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்தத் தாண்டிப் போவயில, சன்னலெல்லாம் தொறந்து வச்சுப் பியானோ வாசிங்க. அது போதும்.”

அவர் நாலு நாள் கழித்து எழுத உட்கார்ந்தார். பள்ளிக்கூட முனையிலிருந்து, கிணற்றடி தாண்டி, கல்லறைத் தோட்ட வாசல்வரை இசை கூடவே வர வேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

“நானே நடந்து காட்டுறேன்” என்று அவள் எழுந்தாள்.

மார்கழி, தை முழுக்க அவள் நடந்தாள். அவர் சன்னல் வழியே அவள் காலைப் பார்த்து வாசித்தார்.

“இம்புட்டு மெதுவாவா தூக்கிட்டுப் போவாங்க?”

“செத்த பெறவு எனக்கென்ன அவசரம்? அடுப்புல ஒலையா கொதிக்குது?”

இருவரும் சிரித்தார்கள். அவளுக்கு அதிலும் இரைத்தது.

1944-இல், பெரிய வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் அவள் போய்விட்டாள்.

பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணியும் ஆர்மோனியமும் ஊமையாகும். சனிக்கிழமை காலைப் பூசையில் குளோரியா என்னும் மகிமைப் பாட்டைப் பாடும்போதுதான் மறுபடி வாய் திறக்கும். நடுவில் மரக்கட்டையைத் தட்டித்தான் ஜனங்களைக் கூப்பிடுவார்கள். பங்குனி வெயிலில் உடலைச் சனிக்கிழமைவரை வைத்திருக்க முடியாது. பகல் பத்து மணிக்கு எடுப்பதென்று முடிவாயிற்று.

பிலவேந்திரன் பங்குச் சாமியாரிடம் போய் நின்றார்.

“தடை கோயிலுக்குத்தான்” என்றார் சாமியார். “பள்ளிக்கூடம் கோயில் இல்லயே. ஒன் மனசுபோல செய்.”

கூடாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும். போன வருஷம் இதே நாளில் கிராமபோன் வைத்த லூர்துராஜைத் தெருவில் நிறுத்தி, “ஆண்டவரு செத்துக் கெடக்குறாரு, ஒனக்குக் கச்சேரி கேக்குதா?” என்று கேட்டவர் பிலவேந்திரன்தான். அந்த லூர்துராஜ் இப்போது பெட்டி தூக்க வந்திருந்தான்.

“வாசிங்க வாத்தியாரே. அக்கா கேட்டது ஊருக்கே தெரியும். ஒருத்தரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்.”

அவன் மனதாரத்தான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை. குத்திக் காட்டியிருந்தால் ஒருவேளை வாசித்திருப்பார்.

அவர் பள்ளிக்கூடச் சாவியைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டுப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

மரக்கட்டைச் சத்தம் முன்னால் போயிற்று. பள்ளிக்கூட முனை வந்ததும் அவருக்குள் முதல் சுரம் விழுந்தது. சன்னல்கள் சாத்திக் கிடந்தன. மண் சுட்டது, தூக்கியவர்கள் எட்டி நடந்தார்கள். இரண்டாம் பகுதி தொடங்குவதற்குள் கல்லறைத் தோட்ட வாசல் வந்துவிட்டது. வாசித்திருந்தாலும் பாதியிலேயே அவளை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். ‘மெதுவா’ என்று சொல்ல வாயெடுத்தார். கூட நடந்தவர்களின் வியர்வையைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை எல்லா மணிகளும் ஒருசேர அடித்தன. குளோரியாவுக்கு அவர்தான் ஆர்மோனியம் வாசித்தார். ஒரு கட்டைகூடத் தவறவில்லை.

பூசை முடிந்ததும் தெரசம்மாளின் தங்கை சாந்தி மேரி வந்தாள். “மச்சான், இப்ப வாசிக்கலாமில்ல? அக்கா கேக்கும்.”

பள்ளிக்கூடத்தைத் திறந்து சன்னல்களைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். வெளியே தெரு வெயிலோடு கிடந்தது. மெல்ல மெல்ல, ஒவ்வொரு அடியாக இசை நகர்ந்தது. பாதிக்குச் சற்று முன்னால் கை நின்றது.

சாந்தி மேரி கிட்டே வந்தாள். “ஏன் மச்சான், மறந்துபோச்சா?”

அவர் சன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இல்ல. கெணத்தடி வந்தா எப்பவும் நிப்பா. மூச்சு வாங்கிக்கட்டும்.”