சும்மா இருந்தவள்

பால் உற்பத்தியாளர் சங்கத்தில் எனக்கு ‘மைக்’ என்று பட்டப்பெயர். கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டேன், அதனால். இருபது வருடமாக நான் பேசியது ஒரே பேச்சுதான். “கம்பெனியில வேலை பாக்குறவனுக்கு ஓய்வூதியச் சந்தாவுல பாதியை முதலாளி கட்டுறாரு. மாடு வச்சிருக்கிற நாம மட்டும் முழுசையும் நாமளே கட்டணும். இது என்னங்க நியாயம்?” கைதட்டல் அடங்க நேரமாகும். நானும் அடங்கும்வரை நின்று ரசிப்பேன்.

வீட்டில் எட்டு மாடுகள். கறந்தது என் மனைவி. நான் கூட்டத்துக்குப் போன நாட்களில் மட்டுமல்ல, எல்லா நாளும். சாணி அள்ளுவது, தீவனம் கலப்பது, கேன்களைச் சுடுதண்ணீரில் அலசுவது எல்லாம் அவள்தான். கன்று வயிற்றுக்குள் புரண்டு கிடந்தால் முழங்கை வரை கையை விட்டுத் திருப்பி எடுப்பாள். மாட்டு டாக்டர் வந்து சேரும்போது கன்று எழுந்து நிற்கும். கறந்து கறந்து வலது கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது. இப்போது பாட்டில் மூடியைத் திறக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறாள்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பண்ணையில் உழைக்கும் ஒவ்வொருவருக்கும் சந்தா உண்டு என்றார்.

“வீட்டம்மா என்ன பண்றாங்க?”

“அவ சும்மாதாங்க இருக்கா.”

அப்போது அவள் சாணிக் கூடையோடு எங்களைக் கடந்து போனாள். அவர் பார்த்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். “யாராவது கேட்டா சும்மா இருக்கேன்னு சொல்லிடு, இல்லன்னா ரெட்டைச் சந்தா” என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். “அதுக்கு மொதல்ல சும்மா இருக்கக் கத்துக்கணுமே” என்று சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இந்த வருடம் சட்டம் மாறியது. எங்கள் சந்தாவில் பாதியை இனி அரசே கட்டும். சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. பதிவில்லாமல் பண்ணையில் உழைத்தவர்கள் அறுபது வயதுக்குள் நேரில் வந்து தங்கள் வாயால் சொன்னால் அவர்களுக்கும் ஓய்வூதியம் உண்டு. விட்டுப்போனதைப் பண்ணைக்காரன் கட்ட வேண்டும். அவளுக்கு அறுபது முடிய ஒன்பது நாள் இருந்தது. எனக்கு நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். என் ஓய்வூதியம் என்னோடு நின்றுவிடும்.

அவளிடம் விவரம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முப்பத்தொரு வருடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு சொல்வது? “ஒரு கையெழுத்து போடணும், வா” என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனேன்.

கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். “பண்ணையில என்ன வேலைம்மா செஞ்சீங்க?”

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நான் சும்மாதாங்க இருந்தேன்.”

“இல்லைங்க, இவதான் எல்லாமே...” என்று நான் குறுக்கிட்டேன்.

“சார், அவங்கதான் சொல்லணும்” என்றவள், படிவத்தில் எதுவும் எழுதாமல் ஓரமாக வைத்தாள். “வெளியில உக்காந்து பேசிட்டு வாங்க.”

நடையில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். “சரியாத்தானே சொன்னேன்?” என்று மெதுவாகக் கேட்டாள். “நீங்க மாட்டிக்கலையே?”

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டைவிரலைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாதியை முதலாளி கட்டணும்னு பேசுவீங்களே” என்றாள். “எனக்கு முதலாளி யாரு?”

அவள் எழுந்து போய்த் தானே புதிதாக ஒரு டோக்கன் எடுத்து வந்தாள். எங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்துகொண்டாள்.