அருவிப் பக்கம் காட்டிய கை

யாராவது காரை நிறுத்தி வழி கேட்டால் க்விரின் முதலில் மூக்குப்பொடி டப்பாவைத்தான் எடுப்பார். ஒரு சிட்டிகையைப் புறங்கையில் வைத்து உறிஞ்சிவிட்டுத் தும்மல் வருகிறதா என்று வானத்தைப் பார்ப்பார். வராது என்று தெரிந்தபின் கையை நீட்டி அருவிப் பக்கம் காட்டுவார்.

"இந்தப் பாதையிலயே போங்க. மரப்பாலம் வரும். தாண்டினா தண்ணி சத்தம் கேக்கும். அங்கதான்."

வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கே அருவி இருந்தது. அவர்கள் தேடி வந்த வீடு அங்கே இல்லை. அது எதிர்ப்பக்கம், மேலே, மரங்களுக்குள். வீடு என்று சொல்லவும் அங்கே ஒன்றும் மிச்சமில்லை, இருந்த இடம்தான் இருந்தது.

மகள் வால்புர்கா சிறுமியாக இருந்தபோது ஒருநாள் குறுக்கே புகுந்து, "அப்பா, தப்பாச் சொல்றீங்க, அது இந்தப் பக்கம்" என்று கத்திவிட்டாள். க்விரின் காருக்குள் குனிந்து, "கொழந்தைக்கு இன்னும் சோத்துக் கை, பீச்சாங்கை தெரியாது" என்றார். காருக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு அவள் குறுக்கே பேசவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஆளுக்கு ஆள் கார் மாறியது, மொழி மாறியது. அப்பாவின் கை மட்டும் மாறவில்லை.

ஜெர்மனியின் அந்த மலையூரில், வீடு இருந்த இடத்துக்குப் பெயர் 'மேலே' என்பதுதான். சர்வாதிகாரியின் பெயரையும் யாரும் சொல்வதில்லை. 'அவன்' என்றால் போதும். அவன் அங்கே மாளிகை கட்டிக்கொண்டு போர்க்காலம் முழுக்க வந்து தங்கினான். அவன் வருவதற்காகச் சரிவில் இருந்த பண்ணைவீடுகளை எல்லாம் காலி செய்தார்கள். அதில் க்விரினின் வீடும் ஒன்று. அப்போது அவர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதுசு. காலையில் அந்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் போனவர், மாலையில் அடிவாரத்தில் சித்தப்பா வீட்டுக்குத் திரும்பினார்.

போர் முடியும் தறுவாயில் விமானங்கள் வந்து குண்டு போட்டன. சில வருடம் கழித்து, மிச்சம் நின்ற சுவர்களையும் அரசாங்கமே வெடிவைத்துத் தகர்த்து, மண்ணைத் தள்ளி, மேலே ஊசியிலை மரங்களை நடச் சொன்னது. யாரும் அங்கே கோயில் கட்டிவிடக் கூடாது என்பது எண்ணம். நட்டவர்களில் ஒருவர் வனத்துறையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த க்விரின். "என் வீட்டுக் கூரை மேல நானே மரம் நட்டேன், அதுக்கு எனக்கே சம்பளமும் குடுத்தானுங்க" என்று பீர் மேசையில் சொல்வார். கேட்பவர்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். வெறுமனே பார்க்க வந்தவர்கள் பலர், கும்பிட வந்தவர்கள் சிலர். ஏப்ரலில் அவன் பிறந்தநாளன்று மரங்களுக்கு நடுவே சிவப்புக் கண்ணாடிக் கல்லறை விளக்குகள் எரியும். மறுநாள் விடிந்ததும் க்விரின் சாக்கோடு போய் அணைத்து அள்ளிக்கொண்டு வருவார். அதனால் அந்த வீட்டில் யாரும் மெழுகுவத்தி வாங்கியதே இல்லை. "அவனுக்கு வச்ச வெளக்குல நான் சாப்பிட மாட்டேன்" என்று வால்புர்காவின் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எனவே அவை மாட்டுக்கொட்டகையில் எரிந்தன. அப்பா ஓய்வு பெற்றபின் சாக்கு, அவரிடம் வேலை பழகிய வீட்டுஸ் என்பவன் கைக்குப் போனது.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் வால்புர்கா. முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது 'மேலே' மிஞ்சியிருக்கும் இடிபாடுகளை.

"இந்தக் கல்லுக்கா பட்டம் குடுக்கறாங்க?" என்றார் க்விரின்.

"கல்லுக்கு இல்லப்பா. ஆராய்ச்சிக்கு."

"அதுக்கு நம்ம ஆடு போதுமே புர்கி. தெனம் நக்கிப் பாத்துட்டு வருது."

காப்பகத்தில் வரைபடங்கள் கிடைத்தன. அவற்றை எடுத்துக்கொண்டு மலைக்கு வந்தால் எதுவும் எதனோடும் பொருந்தவில்லை. கார் நிறுத்தும் இடம் என்று படம் சொன்ன இடத்தில் பள்ளம். காவலர் விடுதியில் புதர். உருப்படியாக நின்றது சரிவைத் தாங்கும் நீளமான பின்சுவர் ஒன்றுதான். அதை அளந்தாள், படம் எடுத்தாள், திரும்பவும் அளந்தாள். பேராசிரியர், "ஏன் இந்தத் தலைப்பு?" என்று கேட்டபோது ஏதோ ஒரு பதில் சொன்னாள். பேருந்தில் வரும்போது அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை. அவன் படுக்கையறை ஜன்னல் எத்தனை அகலம் என்று கேட்டால் உடனே சொல்வாள். தன் அப்பா பிறந்த வீட்டின் ஜன்னல் எந்தப் பக்கம் திறந்தது என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்டால் மூக்குப்பொடி டப்பா வெளியே வரும் என்று பயம்.

அப்படி அலுத்துப்போயிருந்த ஒரு குளிர்காலத்தில்தான் காப்பக ஏடு ஒன்றில் ஓர் இத்தாலிக்காரரின் பெயர் கண்ணில் பட்டது. மாளிகைக்கு அடியில் சுரங்கம் தோண்டக் கொண்டுவரப்பட்டவர். மண் சரிந்து செத்தார், அவ்வளவுதான் குறிப்பு. அவருடைய ஊராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள். சில நாள் கழித்து மறுமுனையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் நீவெஸ், அவருடைய மகள். ஓட்டல் சமையற்கட்டுகளில் வேலை பார்த்துக் கற்ற ஜெர்மன் மொழி.

"நானும் இத்தன வருசமா எல்லா ஆபீஸ்லயும் கேட்டுட்டேன்மா. செத்துட்டாருன்னு சொல்றாங்க. எங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. அந்த எடம் தெரிஞ்சா ஒரு வெளக்கு வச்சுட்டுப் போயிருவேன். வேற ஒண்ணும் வேணாம்."

வால்புர்கா அப்பாவிடம் கேட்டாள். டப்பா வெளியே வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

"தெரியும்" என்றார் க்விரின். "மேல நம்ம பழைய வீட்டு மாட்டுக்கொட்டாய் பின்னாடி ஒரு ஊத்து இருந்துச்சு. அதுக்கு நேர் கீழ தோண்டிட்டானுங்க, சரிஞ்சிருச்சு. கூலியாளுங்க கொட்டகைக்கு நான்தான் பால் கொண்டுபோவேன். அன்னிக்கு அவர வெளிய கெடத்தியிருந்தாங்க. மூஞ்சி மேல பனி விழுது, உருகவே இல்ல." அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "வரச் சொல்லு. நான் காட்டறேன்."

சனிக்கிழமை வருவதாகச் சொன்ன நீவெஸ், விடுப்பு மாறிப்போனதால் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாள். வால்புர்கா அப்போது விருந்துக்கு இறைச்சி வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறை மேசை அருகே தெரியாத பெண் ஒருத்தி அழுத கண்ணும் சிரித்த முகமுமாக உட்கார்ந்திருந்தாள். க்விரின் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அடுப்போரம் நின்றுகொண்டிருந்தார்.

"நீதான் வால்புர்காவா? வாம்மா" என்று எழுந்து கட்டிக்கொண்டாள் நீவெஸ். "நடந்தத கேளேன். ரோட்டுல ஒரு பெரியவர் நின்னாரு. வண்டிய நிறுத்தி, அவனோட வீடு எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். கையக் காட்டினாரு. போய்ட்டு வந்து உங்க வீட்டக் கண்டுபிடிச்சுக் கதவத் தட்டினா, அதே பெரியவர்! உங்க அப்பா!"

வால்புர்கா அப்பாவைப் பார்த்தாள். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு அழகான எடம்மா. மரப்பாலம், அதுக்கப்பறம் அந்தத் தண்ணி சத்தம். எங்க வீடு ஆத்தங்கரையில. தண்ணி சத்தம் கேக்கலன்னா அப்பாவுக்குத் தூக்கம் வராதுன்னு அம்மா சொல்லுவா. இருட்டுக்குள்ள, சேத்துக்குள்ள கெடந்தாருன்னே இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தேன். அங்க போய் உக்காந்ததும் நெஞ்சு ஆறிருச்சு. வெளக்க ஏத்தி வச்சுட்டு வந்துட்டேன்."

பையிலிருந்து ஒரு பெரிய பாலாடைக்கட்டித் துண்டை எடுத்து க்விரினிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

அவள் சாப்பிட்டாள். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வெளிச்சம் இருக்கும்போதே மலைப்பாதையைக் கடந்துவிட வேண்டும் என்று கிளம்பினாள். கார் திரும்பும்வரை இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

"ஏம்பா?" என்றாள் வால்புர்கா.

"கையில செகப்பு வெளக்கு. அவன் வீடு எங்கன்னு கேக்கறா. நான் வேற என்னன்னு நெனப்பேன்?"

"சரி. வீட்டுக்குள்ள வந்தப்பறம் தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது."

"அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"அந்த மூஞ்சியப் பாத்தியா நீ? அதப் பாத்துட்டு எவன் சொல்லுவான்?" தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நீயும்தான் பக்கத்துலயே உக்காந்திருந்த. படிச்சவதானே, சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

உண்மையைத் தேடுகிறவள் என்று நாலு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது அவள் செய்ததெல்லாம் கறி பரிமாறியதுதான்.

"அந்தம்மாவுக்கு நான் கடன்பட்டுட்டேன்" என்றார் க்விரின். "ஊத்துப் பக்கம் ஒரு வெளக்கு வைக்கறேன். வச்சுட்டு நானே போன் பண்ணிச் சொல்றேன். நீ இதுல தலையிடாத."

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. க்விரின் கடைக்குப் போய்ச் சிவப்பு விளக்கு ஒன்று வாங்கினார். அந்த வீட்டுக்குக் காசு கொடுத்து வாங்கிய முதல் விளக்கு. கூட வருகிறேன் என்றாள் வால்புர்கா. "என் வீட்டுக்கு மொதல்ல நான் போறேன். நீ அப்பறம் வா" என்று கைத்தடியை எடுத்துக்கொண்டார். முழங்கால்வரை ஈரமாகத் திரும்பி வந்தார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை வீட்டுஸ் கதவைத் தட்டினான். தோளில் சாக்கு.

"என்ன மாமா, ஏப்ரல்ல மட்டுந்தான் வருவானுங்கன்னு பாத்தா, நவம்பர்லயும் ஆரம்பிச்சுட்டானுங்க! ஊத்துப் பக்கம் சதசதன்னு இருக்குமே, அங்க போய் வச்சிருக்கான். நேத்து சாயங்காலமே பாத்துட்டேன். பாதிகூட எரிய விடல." சாக்கிலிருந்து சிவப்புக் கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தான். "உங்க கொட்டாய்க்கு ஆகும்னு கொண்டாந்தேன்."

வால்புர்கா அப்பாவைப் பார்த்தாள்.

"நல்ல காரியம் பண்ண" என்றார் க்விரின். அவனுக்கு ஒரு சின்னக் கிளாஸில் சாராயம் ஊற்றினார். "நான் பழக்கினவன்தானே நீ."

அவன் போனபின் அவள் வெடித்தாள். "அவன்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்ன ஆகும்? இது இத்தாலிக்காரருக்கு வச்சது, இருக்கட்டும்னு விடுவான். அடுத்த வருசம் அதுக்குப் பக்கத்துல எவனோ ஒருத்தன் அவனுக்கு வைப்பான். கேட்டா, இத்தாலிக்காரருக்குன்னு சொல்லுவான். அப்ப எதை எடுக்கறது, எதை விடறது?" நாற்காலியில் சாய்ந்தார். "இத்தன வருசம் அணைச்சேன் புர்கி. இப்ப ஏத்தவும் வழியில்லாமப் பண்ணிட்டேன்."

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தொலைபேசி முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எண்களைச் சுழற்றினார். மறுமுனையின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"க்விரினா! எப்படி இருக்கீங்க? அருவி உறைஞ்சு போச்சா?"

க்விரின் கண்ணை மூடிக்கொண்டார். "உறைஞ்சு போச்சு" என்றார்.

"பாவம், அப்பாவுக்குக் குளிருமே" என்று அவள் சிரித்தாள். ஊர்ப் பனியைப் பற்றியும் பேத்தியைப் பற்றியும் பேசினாள். அவர் உம் கொட்டினார். ரிசீவரை வைத்துவிட்டு, "பனி உருகட்டும். நேர்ல வரச் சொல்லி, கையோட கூட்டிட்டுப் போய்க் காட்டிடறேன்" என்றார்.

அந்த மாதங்களில் அவர் பழக்கத்தில் ஒன்று மட்டும் மாறியிருந்தது. யாராவது காரை நிறுத்தினால் டப்பாவை எடுப்பதற்குமுன், "யாரத் தேடி வந்தீங்க?" என்று கேட்டார். சிலர் முறைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் அதன்பின் கை அருவிப் பக்கமே போயிற்று. ஆனாலும் கேட்டார்.

பனி உருகுமுன்னே, மார்ச் தொடக்கத்தில், விறகு எடுக்கப் போன இடத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

செய்தி கேட்டு நீவெஸ் போனில் அழுதாள். அதிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் கூப்பிடுகிறாள். "எனக்காக அருவிகிட்ட ஒண்ணு ஏத்தி வச்சுடுமா. உங்க அப்பா இருந்தா அவரே வச்சிருப்பாரு." வால்புர்காவும் மரப்பாலத்தைத் தாண்டிப் போய் ஏற்றி வைக்கிறாள். வரும் கோடையில் நீவெஸ் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். கொள்ளுத்தாத்தா தூங்கும் இடத்தை அவளுக்குக் காட்ட வேண்டுமாம். வாங்க என்றுதான் சொன்னாள் வால்புர்கா. வேறு என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அந்த வார்த்தை வந்துவிட்டது.

ஆராய்ச்சியில் பின்சுவரைப் பற்றிய பகுதி முடிந்துவிட்டது. ஊற்றைப் பற்றிய பக்கத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுஸ் கொண்டுவந்த சிவப்பு விளக்கு சமையலறை ஜன்னலில் இருக்கிறது. கொட்டகைக்குக் கொண்டுபோக அவளுக்கு மனம் வரவில்லை. மேலே கொண்டுபோய் வைத்தால் வீட்டுஸ் எடுத்துவிடுவான். அதில் எரிய வேண்டியது இன்னும் பாதிக்குமேல் பாக்கி இருக்கிறது.