கரிமூட்டமும் நான் சொல்லாத வரியும்

என் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். உங்கள் பெரியப்பாவோடு நான் ஏன் பேசுவதில்லை என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்க்கரைக் கருவேல மரங்களை வெட்டிக் கரிபோடும் குத்தகை அந்த வருடம் எனக்குக் கிடைத்தது. அதே குத்தகையைக் கேட்டிருந்த உங்கள் பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை. என் சொந்தப் பெரியப்பா மகன், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன். நானும் உங்கள் அம்மாவும் விறகை வெட்டி, முள் கிழித்த கையோடு அடுக்கி, தழை போட்டு, ஈரமண் பூசி மூட்டம் போட்டோம். மூட்டம் உள்ளுக்குள்ளேயே வேக வேண்டும். காற்றுப் புகுந்தால் தீப்பிடித்து, கரி சாம்பலாகிவிடும்.

நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது மூட்டம் எரிந்துகொண்டிருந்தது. காற்றடிக்கும் பக்கத்தில், கடப்பாரை கனத்துக்கு இரண்டு ஓட்டை. மண்ணள்ளிப் போட்டும் பயனில்லை. மூத்தவளே, மதுரையில் நர்ஸ் படிப்பில் சேர நீ துணிமணி மடித்துப் பையில் வைத்திருந்தாய். பணம் கட்டக் கரிக்காசு இல்லாமல், அந்த வருடம் அந்தப் பை பிரிக்கப்படாமலே கிடந்தது.

ஓட்டையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடையில் அவன் எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

"என்னடா தம்பி, மூட்டத்துக்கு மூச்சுமுட்டும்னு ரெண்டு ஓட்டை போட்டு வச்சியாக்கும்?"

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அன்றிலிருந்து அவன் எனக்கு அண்ணன் இல்லை.

அவன் வீடு இடிய வேண்டும், அவன் ஆடு சாக வேண்டும் என்று நடக்கும்போதும் விறகு வெட்டும்போதும் நினைத்துக்கொண்டே இருந்தேன். கோயில் பங்குச்சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பாவத்தைச் சொன்னேன். மன்னித்துவிடச் சொன்னார். "சாமி, உங்களுக்குக் கரிமூட்டம் கெடையாதுல்ல" என்றேன். 

நம் வீட்டில் சோற்றுக்கு முன்னால் நன்றி சொல்லி, பரலோக மந்திரம் சொல்லித்தான் தட்டில் கை வைப்போம். நான்தான் முன்சொல்வேன். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற வரி வந்ததும் நான் வாயை மூடிக்கொள்வேன். உங்கள் அம்மா மட்டும் சொல்லி முடிப்பாள். பொய்யாகச் சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லாமல் இருப்பதில் ஒரு ருசியும் இருந்தது.

ஒருநாள் அம்மா சின்னவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, நீயும் அந்த எடத்துல வாயத் தெறக்க மாட்டேங்குற?"

"அப்பா சொல்ல மாட்டாகல்ல? அது அம்மாமாருக மட்டும் சொல்ற வரின்னு நெனச்சேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தை ஊற்றிக் குடித்தேன்.

அடுத்த ஆடியில் குத்தகை அவனுக்குப் போனது. புழுதியை வாரியடிக்கும் காற்று. அவன் கரி வியாபாரியைப் பார்க்க அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டான். நான் சின்னவளோடு கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் மூட்டத்து மண் வெடித்து, புகைக்குள் சிவப்பாக நாக்கு நீட்டியது தீ. பார்க்க மனசு குளிர்ந்தது எனக்கு. ஆண்டவர் கண் திறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அப்பா, பெரியப்பா மூட்டத்துல தீ தெரியுது."

"தெரியட்டும் தாயி."

அவள் தீயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சாப்பாட்டு செபத்துல இருக்குற மாதிரி, இப்பவும் நாம பேசாம இருந்துக்கிரணுமாப்பா?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் பிள்ளைக்கு என் பகையை நானே சோறோடு பிசைந்து ஊட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் வீடு இடியட்டும். ஆனால் இவள் அதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவளாக வளரக் கூடாது.

மூட்டத்தடியில் கிடந்த அவன் மண்வெட்டியையே எடுத்தேன். வெடிப்பில் மண்ணை வெட்டி வெட்டிப் போட்டேன். ஒவ்வொரு வெட்டையும் அவன் தலையில் போடுவதாகவே நினைத்துப் போட்டேன். வாய் நிறைய வசவு. சின்னவள் கேட்கக் கூடாதென்று அங்கே கிடந்த குடத்தைக் கொடுத்துக் கண்மாய்க்குத் தண்ணீருக்கு விரட்டினேன்.

தீ அடங்கிப் புகை வெளுத்தபோது அவன் பஸ் இறங்கி வந்து நின்றான். மண்வெட்டியைப் பார்த்தான், பொசுங்கிய என் கைமயிரைப் பார்த்தான்.

"தம்பி..."

"பேசாதீக. ஒரு வார்த்த பேசினீகன்னா போட்ட மண்ண பூராத்தையும் தோண்டி வெளிய எறிஞ்சிருவேன்."

அன்று செபத்தில் அந்த வரி வந்தது. சின்னவள் என் வாயையே பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என்னைவிடச் சத்தமாகச் சொன்னாள். அவளை எனக்குக் கொடுத்ததற்கு ஆண்டவருக்கு மனதார நன்றி சொன்னேன், அது பொய்யில்லை.

அவன் கரி நல்ல கரியாக இறங்கி, லோடு ஏறிப் போனது. பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மூத்தவளே, நீ இப்போது நர்ஸ் உடுப்போடு வந்து நிற்கும்போதுகூட, போன அந்த ஒரு வருடம் என் கண்ணில் படுகிறது. இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் தினமும் அந்த வரியைச் சொல்கிறேன், நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காக. நீங்கள் சொல்லும்போது என்னைப்போல் பல்லைக் கடிக்காதீர்கள். சின்னவள் அன்றைக்குச் சொன்னாளே, அப்படிச் சொல்லுங்கள்.