பூசணிக்காய் உடைத்த கை

சந்தனமாரியை நான் வாயில்லாப் பூச்சின்னுதான் நெனச்சிகினு இருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பொண்ணு. ஒரகடத்துல லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி, வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புற ஒரு பிளான்ட்டுல லைன் வேலை பாத்தா. நான் அன்னக்கிளி, அந்த ஹாஸ்டல்ல சமைக்கிறவ.

ஹாஸ்டலை நடத்துனது லேபர் காண்ட்ராக்டர் ராஜாமணி. ஷிப்ட் முடிஞ்சு வந்தா கேட்டுக்குப் பூட்டு, போன் எல்லாம் வார்டன் ரஞ்சனிகிட்ட. மாரியோட ரூம்மேட் நாச்சியாரு ஒரு நாள் மூச்சு முட்டி அந்தக் கேட்டைப் புடிச்சிகினு கத்துனா. சாவி வர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சி. பாவிங்க!

விஷயம் வெளிநாடு வரைக்கும் போச்சு. பிளான்ட் சரக்கை வாங்குற நாட்டு கவர்மெண்டு, ராஜாமணி கம்பெனியோட யாரும் கொடுக்கல் வாங்கல் வெச்சிக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. அவன் இன்னா பண்ணான் தெரியுமா? மச்சான் கோதண்டம் பேருல புதுக் கம்பெனி ஆரம்பிச்சான். பொண்ணுங்க ஐடி கார்டு கயிறு நீலத்துலேர்ந்து சிவப்பாச்சு. பூட்டு அதே பூட்டு.

நாச்சியாரு கேஸை எடுத்த வக்கீல் மதிவதனி என்னைச் சந்தையில புடிச்சாங்க. "அக்கா, கம்பெனியைத் தடை பண்ணா பேரை மாத்திக்கிறான். இந்தத் தடவை ஆளையே தடை பண்ணச் சொல்றோம். அவன்தான் முதலாளின்னு ஆதாரம் வேணும். இல்லன்னா அந்த நாட்டுக்காரங்க பிளான்ட் சரக்கையே நிறுத்திடுவாங்க. அத்தனை பொண்ணுங்களுக்கும் வேலை போயிடும்."

மாரிகிட்ட சொன்னேன். "ஏக்கா, ஆயுத பூஜை வீடியோ என் போன்ல கெடக்கு"ன்னா.

அட, ஆமா! பூஜைன்னு அன்னிக்கு ஒரு நாள் பொண்ணுங்க கையில போனைக் குடுத்திருந்தாங்க. கோதண்டம் பூசணிக்காயைத் தூக்குனான். ராஜாமணி புடுங்கிக்கினான். "முதலாளி கையால உடைச்சாதான்டா திருஷ்டி போவும். பேருதான்டா உன்னுது, கம்பெனி என்னுது!" முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவன், சாமி பயத்துல அதை நடுவாசல்ல போட்டு உடைச்சான்.

மத்தபடி ஞாயித்துக்கிழமை மட்டும் போன் கைக்கு வரும், அதுவும் ஹால்ல, வார்டன் எதிர்ல. மாரி அவ அம்மாகிட்ட பேசிகினே வீடியோவை என் போனுக்குத் தள்ளுனா. சுத்துது, சுத்துது, போவ மாட்டேங்குது. ரஞ்சனி எழுந்து வந்தா. "இன்னாடி நோண்டுற?"ன்னு போனைப் புடுங்கிப் பாத்தா. அதுக்குள்ள வீடியோ வந்து சேந்து என் இடுப்புல போன் அதிர்ந்துச்சு. அவ பாக்கும்போது அம்மா பேரு மட்டும்தான் தெரிஞ்சுது.

வீடியோ கடைசியில மாரி தன் மூஞ்சியைக் காட்டிச் சிரிக்கிறா. வக்கீலம்மா தயங்குனாங்க. "இதை வெட்டுனா போலின்னு சொல்லித் தப்பிச்சிடுவான். வெட்டலைன்னா எந்தக் காண்ட்ராக்டரும் இவளுக்கு வேலை தர மாட்டான். கேட்டுச் சொல்லுங்க."

அடுப்படியில மாரிகிட்ட மெதுவா கேட்டேன். "வேணாம்டி, உங்க வூட்ல உன் சம்பளத்தைத்தான் நம்பிகினு கீறாங்க"ன்னு நானே சொன்னேன்.

"வெட்டாண்டாம்க்கா. அப்படியே குடுங்க"ன்னா.

தை மாசம் அந்த நாட்டு உத்தரவு வந்துச்சு. ராஜாமணி, கோதண்டம், ரெண்டு பேருக்கும் பேரைச் சொல்லியே தடை. பிளான்ட் அவனுங்களைக் கழட்டி வுட்டுச்சு. பொண்ணுங்க வேலை தப்பிச்சுது. புதுக் காண்ட்ராக்டர் கேட்டைத் தொறந்து வுட்டான், ஆனா "அந்த வீடியோ பொண்ணு மட்டும் வேணாம்"ன்னுட்டான்.

பெட்டியை எடுத்துகினு வர நானும் கூடப் போனேன். கேட்டுல பூட்டு இல்ல. மாரி நின்னு அந்தக் கம்பியைத் தொட்டுப் பாத்தா.

"அன்னிக்கு இது தொறந்து கெடந்திருந்தா, நாச்சியாரு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள்லா அக்கா?"

நான் பெட்டியை வாங்கிகினு அவளை என் வூட்டுக்குக் கூட்டிகினு வந்தேன்.