மூன்றாவது தட்டு

ஐந்தாம் வகுப்புக்கு அறிவியலும் நீங்களே எடுத்துவிடுங்கள் என்று தலைமையாசிரியை சொன்னபோது சரியென்று தலையாட்டிவிட்டேன். பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளியில் எங்கள் இருவரையும் சேர்த்து ஆசிரியைகள் மூன்றே பேர். மாட்டேன் என்றால் வேறு யார் தலையில் கட்டுவது? ஆனால் நான் பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டவள். பிறகு படித்ததெல்லாம் வரலாறு. பாகாயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய அறிவியல் பாடத்தைப் படிப்பேன். பஸ் குடியாத்தம் தாண்டும்போது புரிந்ததுபோல் இருப்பது, வகுப்பில் நின்றதும் புரியாமல் போய்விடும்.

கலவைகள், மாற்றங்கள் என்று ஒரு பாடம். செய்து காட்டித்தான் நடத்த வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மணலையும் இரும்புத் தூளையும் கலந்து காந்தத்தால் பிரித்தோம். மணலையும் உப்பையும் தண்ணீரில் போட்டு, பழைய துப்பட்டாவில் வடிகட்டினோம். மறுநாள் ஆப்ப சோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்தோம். நுரை பொங்கி மேஜையில் வழிந்ததும் இருபத்து மூன்று பிள்ளைகளும் என் மேலேயே வந்து விழுந்தார்கள். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கரும்பலகையில் இரண்டு வரி எழுதினேன். திரும்பப் பழைய பொருளைப் பெற முடிந்தால் இயற்பியல் மாற்றம். முடியாவிட்டால் வேதியியல் மாற்றம். பாடத்தில் நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த இரண்டு வரியைத்தான்.

"பேப்பரக் கிழிச்சா திரும்ப வராதே மிஸ். அது இன்னா மாற்றம்?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஒட்டலாமே."

"ஒட்னா அது பழைய பேப்பர் ஆய்டுமா?"

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அன்றிரவு வீட்டில் பாடப்புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். காகிதத்தைக் கிழிப்பது இயற்பியல் மாற்றம் என்று போட்டிருந்தது. ஏன் என்று போடவில்லை.

அடுத்து ஆவியாதல். மூன்று எவர்சில்வர் தட்டுகளில் தலா கால் டம்ளர் தண்ணீர். முதல் தட்டில் உப்புக் கரைசல், இரண்டாவதில் சர்க்கரைக் கரைசல், மூன்றாவதில் வெறும் தண்ணீர். வெயிலில் வைத்தால் முதல் தட்டில் உப்பு மிஞ்சும், இரண்டாவதில் சர்க்கரை மிஞ்சும், மூன்றாவதில் ஒன்றும் மிஞ்சாது. எதுவும் கலக்காவிட்டால் எதுவும் மிஞ்சாது என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் திட்டம். தட்டுகளை வெளியே எடுத்துப்போய் வைக்கும் வேலையை வகுப்பிலேயே பொறுப்பான ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். அதிகம் பேசாத பெண். அவள் அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்தார்.

மறுநாள் மதியம் தட்டுகளை உள்ளே கொண்டுவந்தோம். முதல் தட்டில் உப்பு. இரண்டாவதில் பிசுபிசுவென்று சர்க்கரை, கூடவே எறும்பு. மூன்றாவது தட்டிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஓரத்தில் வளையம் வளையமாகவும் நடுவில் திட்டாகவும் இருந்தது. உப்புத் தட்டின் அளவுக்கு இல்லை. ஆனாலும் யார் பார்த்தாலும் தெரியும்.

"மிஸ், மூணாவதுலயும் உப்பு வந்துடுச்சி" என்று எல்லோரும் கத்தினார்கள்.

வெறும் தண்ணீரில் உப்பு எப்படி வரும்? யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அப்போது ஒரு பிள்ளை, "அவ பையில உப்பு இருக்குது மிஸ்" என்று அந்தப் பெண்ணைக் காட்டியது. மாங்காய்க் காலம். அவள் பையில் காகிதத்தில் மடித்த உப்பும் மிளகாய்த்தூளும் இருந்தன.

"நீ போட்டியா?"

"போடல மிஸ்."

"அப்ப எப்டி வந்துச்சு?"

"தெரியல மிஸ்."

"உண்மைய சொன்னா திட்ட மாட்டேன்."

"நான் போடல மிஸ்."

உண்மையைச் சொல்லும்வரை நிற்கச் சொன்னேன். கடைசி மணி அடிக்கும்வரை அவள் நின்றாள். அழவில்லை. உப்பில் மிளகாய்த்தூள் கலந்திருந்ததே, தட்டில் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லையே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது. அதற்குள் பஸ் பாதி தூரம் வந்துவிட்டது.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் காலையில் அம்மாவுடன் வந்தாள். கம்பெனி அடையாள அட்டை அந்த அம்மாவின் கழுத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஆஃப் டே லீவு போட்டுட்டு வந்துருக்கேன் மேடம். இவ தப்பு பண்ணியிருந்தா நானே கேப்பேன். நான் செக்கிங் செக்ஷன்ல இருக்கேன். டேமேஜ் பீஸ் வந்தா யார் தச்சது, எந்த மிஷின்னு பாத்துட்டுதான் கேப்போம். பாக்காம யாரையும் நிக்க வெக்க மாட்டோம். நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல" என்றேன்.

"பாக்கலன்னா பாருங்க மேடம். திரும்பவும் வையுங்க. நான் இருக்கேன்."

தலைமையாசிரியை அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் ஒரு தட்டை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, என் கைக்குட்டையால் துடைத்தேன். பள்ளிக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். முதல் தடவை பிடித்த அதே போர்வெல் தண்ணீர்தான். நான் தண்ணீரை ஊற்றும்போது அந்த அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலக அறைக்கு வெளியே வெயில் விழும் திண்டில் தட்டை வைத்து, பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு, அன்றைக்கு வகுப்பை அங்கேயே மரத்தடிக்கு மாற்றிக்கொண்டேன். மதிய வேலைக்கு நேரமாகிறது என்று அவர் பதினொரு மணிக்குக் கிளம்பினார். அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

பங்குனி வெயில். இரண்டரை மணிக்கெல்லாம் தட்டு காய்ந்துவிட்டது. அதே வெள்ளை வளையம், அதே திட்டு.

எனக்கு நிம்மதியும் இல்லை, சந்தோஷமும் இல்லை, ஒரே குழப்பம். அந்தப் பெண்ணை வகுப்பின் முன்னால் கூப்பிட்டேன். "இவ உப்பு போடல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தாள்.

"அப்ப இது இன்னா மிஸ்?"

"தண்ணியில இருந்த உப்பு."

"வெறும் தண்ணின்னு சொன்னீங்க."

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அவள் அம்மாவுக்கு போன் செய்தேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே அவர், "செரி மேடம். அப்ப தண்ணியிலயே இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "நாங்க குடிக்கிறது கேன் தண்ணி. சோறாக்குறதெல்லாம் போர் தண்ணிதான். பரவால்லையா?" கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் என் பாடம் தப்பித்திருக்கும். தண்ணீரே ஒரு கலவை, உப்பு மிஞ்சியது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். மறுநாள் உப்புத் தட்டையும் அந்தத் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் கேன் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். கரைந்துவிடும், பழையபடி வந்துவிடும், இயற்பியல் மாற்றம் என்று முடிக்கலாம் என்பது எண்ணம். உப்பு கரைந்தது. மற்றதில் கொஞ்சம்தான் கரைந்தது. மிச்சம் தட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் விரலால் தேய்த்தாள். பிறகு நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு மாதிரி பொடியாகத் தண்ணீரில் மிதந்தது.

"பழையபடி ஆவல மிஸ்" என்றாள்.

கரும்பலகையில் என் இரண்டு வரிகளும் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தன. பிள்ளைகள் அந்த வரிகளையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "அப்ப வேதியியல் மாற்றமா மிஸ்?" "தண்ணி காயறது இயற்பியல்தானே மிஸ்?" "ரெண்டுமா மிஸ்?" ஆப்ப சோடாவுக்கு வாங்கியதில் மிஞ்சியிருந்த எலுமிச்சைத் துண்டை ஒரு பிள்ளை எடுத்துவந்து என்னைக் கேட்காமலே அந்தத் திட்டின்மேல் பிழிந்தது. சின்னச் சின்னக் குமிழியாக நுரைத்தது. ஆப்ப சோடாவுக்கு வந்த அளவுக்கு இல்லை, ஆனால் வந்தது. சாதாரண உப்பின்மேல் பிழிந்து பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

அன்று மாலை என்னோடு ஆசிரியர் பயிற்சியில் படித்து, இப்போது வேலூரில் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கும் தோழிக்கு போன் செய்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"உன் தண்ணில சுண்ணாம்பு ஜாஸ்திடி. தண்ணிக்குள்ள ஒரு ரூபத்துல கரைஞ்சிருக்கும். காயும்போது வேற பொருளா மாறிப் படியும். திரும்பக் கரையாது."

"அப்ப அது வேதியியல் மாற்றமா?"

"சுண்ணாம்புக்கு வேதியியல். தண்ணி ஆவியானது இயற்பியல். மத்த உப்பு மிஞ்சினதும் இயற்பியல். எல்லாம் ஒரே தட்டுல."

"அஞ்சாங்கிளாஸ் பசங்களுக்கு இத எப்டி சொல்றது?"

"அத என்னைக் கேட்டா? நான் பிளஸ் டூ எடுக்கறேன்."

தண்ணீரைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். இது பாறையிலிருந்து வருகிறதா, பக்கத்தில் இருக்கும் தோல் பதனிடும் ஷெட்டுகளிலிருந்து வருகிறதா? தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, டெஸ்டுக்குக் கொடு என்றாள். எங்கள் வீட்டில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியிலும் இதே வெள்ளை பல வருடமாகப் படிகிறது. அதைத் தேய்த்துக் கழுவியிருக்கிறேனே தவிர, அது என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தலைமையாசிரியையிடம் தண்ணீரை டெஸ்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். "பாடம் எடுக்கச் சொன்னா நீங்க எங்கியோ போறீங்க டீச்சர்" என்றார். அடுத்த வாரம் அவரே ஒரு பாட்டிலில் பிடித்து, ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும்போது எடுத்துப்போனார். ஏன் மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முடிவு ஒரு தாளில் வந்தது. பதினைந்து வரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், எதிரே இருக்க வேண்டிய அளவு. சில எண்கள் அந்த அளவுக்குள் இருந்தன, சில தாண்டியிருந்தன. தாண்டியவற்றின் எதிரிலும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் இவ்வளவுவரை அனுமதிக்கலாம் என்று இன்னொரு அளவு போட்டிருந்தது. அந்த அளவுக்கு உள்ளேதான் இருந்தன, இரண்டைத் தவிர. வகுப்பில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் பொறுமையாகக் கேட்டார்கள்.

"பாஸா ஃபெயிலா மிஸ்?"

"சிலதுல பாஸ். ரெண்டுல ஃபெயில். சிலதுல வேற தண்ணி இல்லன்னா பாஸ்."

"அப்டி மார்க் போடுவாங்களா?"

அந்தப் பெண்ணின் அம்மா சனிக்கிழமை வந்தார். தாளை அவரிடம் கொடுத்தேன். கம்பெனியில் பீஸ் பார்க்கிற மாதிரியே, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நிறுத்தி, "நீங்க இன்னா சொல்றீங்க மேடம்? இதுல சோறாக்கலாமா, வேணாமா?" என்றார்.

"எனக்குத் தெரியலம்மா. டாக்டர கேக்கறது நல்லது. நானா சொன்னா தப்பாயிடும்."

என்ன டீச்சர் இவள் என்று நினைத்திருப்பார். ஆனால் தாளிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "தெரியலன்னு சொன்னீங்களே, அது பரவால்ல" என்றார். தாளை போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிறகு அவர்கள் வீட்டில் சோற்றுக்கும் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்துவிட்டதாக அந்தப் பெண் சொன்னாள். செலவு ஜாஸ்தி என்று அவள் அப்பா முணுமுணுக்கிறாராம். நான் சொல்லாததை நான் சொன்னதாக எடுத்துக்கொண்டார்களோ என்று சில நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் என்னோடு பழையபடி பேச ஜூலை ஆகிவிட்டது. அப்போது அவள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டாள். பஸ் நிறுத்தத்தில் பார்த்து, அவளாகவே வந்து பேசினாள். புதுப் பள்ளியில் லேப் இருக்கிறதாம். இன்னும் திறக்கவில்லையாம்.

அதற்கு முன்னால் நடந்த ஆண்டுத் தேர்வில், நீர் ஆவியாதல் எவ்வகை மாற்றம் என்று ஒரு கேள்வி இருந்தது. இரண்டு மதிப்பெண். அவள் எழுதியிருந்தாள்: "இயற்பியல் மாற்றம். ஆனால் எங்கள் பள்ளித் தண்ணீரில் இரண்டும் நடக்கிறது. எது எவ்வளவு என்று தெரியவில்லை." முதல் வரிக்கு முழு மதிப்பெண் உண்டு. அடுத்த இரண்டு வரிக்கு விடைக்குறிப்பில் இடமில்லை. சிவப்புப் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினேன். கடைசியில் இரண்டு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். விடைத்தாளைக் கொடுத்தபோது கேள்விக்குறியைப் பார்த்துவிட்டு, தப்பா மிஸ் என்று அவள் கேட்டாள். தப்பில்லை என்றேன். அப்புறம் ஏன் போட்டீங்க என்றாள்.