வலது பக்கத்துக் கிட்டார்

இங்கிலாந்தின் வடக்கே, எப்போதும் மழை பெய்கிற ஏதோ ஊராம், அங்கிருந்து நான்கு பையன்கள் சேர்ந்து போட்ட ஆல்பம் அது. பத்துப் பாட்டு. செம்பூரில் ரயில் ஏறியதும் முதல் பாட்டை வைத்தால், கடைசி ஸ்டேஷனான வி.டி.யில் இறங்கும்போது கடைசிப் பாட்டு முடியும். எங்களுக்காகவே அளந்து போட்டிருக்கிறார்கள் என்று அக்காவும் நானும் முடிவுகட்டி மூன்று வருடமாகிறது.

லேடீஸ் டப்பா என்கிற பெண்கள் பெட்டியில் நசுங்கி நின்றபடி இயர்பட்டை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்வோம். அவளுக்கு இடது, எனக்கு வலது. ஒருத்தியை விட்டுவிட்டு இன்னொருத்தி அந்த ஆல்பத்தைக் கேட்கக் கூடாது. இது அக்கா போட்ட சட்டம். அவள் சட்டம் போட்டால் வீட்டில் அப்பாவே வாயைத் திறக்க மாட்டார்.

அதில் கிட்டார் வாசிக்கிறவன்மேல் இருவருக்கும் பைத்தியம். ஒரு வரி வாசிப்பான், சட்டென்று நிறுத்துவான், மறுபடி ஒரு வரி. "வாசிக்காம விடுத இடத்துலதான் அவன் மேதை" என்று ஆபீசில் டப்பாச் சாப்பாட்டு வேளையில் எத்தனை பேரைப் பிடித்து உட்கார்த்திப் பேசியிருப்பேன்!

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு வந்த காய்ச்சல், போகும்போது இடது காதையும் கொண்டுபோய்விட்டது. நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர். அவள் அழவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே இயர்பட் டப்பியை என் கையில் திணித்தாள்.

"ரெண்டையும் நீயே வச்சுக்கோட்டி. எனக்குப் பாட்டு போதும்."

வலதை நீ போட்டுக்கொள்ளேன் என்றேன். "அது உனக்குள்ளது" என்றாள். அதன்பிறகு ரயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். வீட்டில் யாராவது பாட்டு வைத்தாலும் எழுந்து போய்விடுவாள். எனக்குப் பயமாக இருந்தது. பாட்டில்லாத அக்காவை எனக்குப் பழக்கமே இல்லை.

ஒரு நாள் அவள் லீவு போட்டாள். தனியாக நின்றவள், பொறுக்கமாட்டாமல் இரண்டையும் மாட்டிக்கொண்டேன். ஐயோ! மூன்றாவது பாட்டில் என் ஆள் ஒரு வரி வாசித்து நிறுத்தினான். நிறுத்திய இடத்தில், இடது காதில் இன்னொரு கிட்டார் பதில் சொன்னது. இரண்டு பேர்! ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் புகுந்து, இவன் விட்டதும் அவன் வந்து, நடுவில் இம்மி இடைவெளி இல்லை. பாதி ஆல்பத்தைக் கேட்டுவிட்டா மூன்று வருடமாக ஊரெல்லாம் அளந்தேன்? வெட்கத்தைவிட மலைப்புதான் அதிகம். வடாலா போனது, சிவ்ரி போனது, ஒன்றும் தெரியவில்லை. வி.டி.யில் எல்லோரும் இறங்கிய பிறகும் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

மறுநாள் காலை குர்லா தாண்டியதும், அவள் அசந்த நேரம் பார்த்து வலதை அவள் காதில் சொருகினேன். இடதை நான் போட்டுக்கொண்டு அந்த மூன்றாவது பாட்டை வைத்தேன்.

"என்னட்டி பண்ணுத? வேண்டாம்னா வுடேன்!"

பிடுங்கப் போன கை காதருகே அப்படியே நின்றுவிட்டது.

"ஏட்டி, இது யாரு?"

"இத்தன நாளு என் காதுல இருந்தவன்க்கா."

"மூணு வருசமா இவனை நீ மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தியா, கள்ளி!"

டப்பாவே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே தன் பழைய கிட்டாரை முணுமுணுக்க ஆரம்பித்தாள். அவளுடைய இடது காது இனிக் கேட்கப்போகாத அந்தக் கிட்டார் இப்போது என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஓரிடம்கூடப் பிசகவில்லை. காதில் ஒருவன், வாயில் ஒருவன். அந்த நிமிடம் டப்பாவில் முழுப் பாட்டையும் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

வி.டி.யில் இறங்கியதும் வலதைக் கேட்டுக் கையை நீட்டினேன்.

"ஏட்டி போ, தர மாட்டேன்" என்றாள். "சாயங்கால வண்டிக்கு லேட்டா வந்தே, கொன்னுபுடுவேன்."