அடிவாரத்தில் ஆடிய கார்

கார் ஓட்டுகிறவன் தன் காரிடம் போக மலையிறங்கி நடக்க வேண்டிய இடம் இது. கொல்லிமலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. காப்பித் தோட்ட முதலாளியின் புதுக் கார் அடிவாரத்தில் ஓலைக் கொட்டகைக்குள் நிற்கிறது. அதன் டிரைவரான நான் மேலே வாழவந்தி நாடு என்கிற மலையூரில் குடியிருக்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் கார் வாசலில் நின்றது; ரோடு பலகைபோல் மட்டமாய்க் கிடந்தது. அங்கேயுள்ள நீங்கள் இதைப் படித்தால் சிரிப்பீர்கள்.

இங்கேயும் தமிழ்தானே என்று நம்பித்தான் வந்தேன். நாம் ‘ஓம்’ என்பதற்கு இவர்கள் ‘ஆமாங்க’ என்பார்கள். வந்த புதிதில் நான் எதற்கெடுத்தாலும் ஓம், ஓம் என்று சொல்ல, பெரிய சிவபக்தர் போலிருக்கிறது என்று என்னிடம் திருநீறு வாங்க வந்தார்கள். நான் சிவபக்தன்தான். ஆனால் அதற்காக ஓம் சொல்லவில்லை.

கார் புதிதென்றாலும் சில நாளாக அதற்கு ஒரு கோளாறு. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினாலே உடம்பு முழுக்க உதறும். விளக்குகள் மினுங்கி மங்கும். ஹாரனை அழுத்தினால் ஆட்டுக்குட்டிபோல் விக்கி விக்கிக் கத்தும். பிளக்குகளைத் துடைத்தேன், சக்கர நட்டுகளை முறுக்கினேன், பாட்டரிக்குத் தண்ணீர் விட்டேன். பிடிபடவில்லை. மனம் அதில் ஊன்றவும் இல்லை. போன மழைக்காலத்தில் மலைக்காய்ச்சலில் எங்கள் பிள்ளை போனதிலிருந்து கை வேலை செய்கிறது, நான் அங்கே இருப்பதில்லை. புதைத்துவிட்டு வந்த அன்றும் வேளைக்குச் சோறு தின்றேன்.

அதே காய்ச்சல் மனைவிக்கும் வந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்பாள் என்றார்கள். முதலாளி காரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்து நிலத்துக்காரர் சடையன், ஆட்களோடு அவளை டோலியில் சுமந்து இறக்கினார். பின் சீட்டில் படுக்கவைத்து எஞ்சினைக் கிளப்பினேன். உதறல் முன்னைவிட மோசம். முன்பக்கம் நின்ற சடையன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சாமி ஆடுதுங்க.”

பிள்ளையைக் கொண்டுபோன மலைத் தெய்வம் இவளையும் விடமாட்டேன் என்று காரில் வந்து இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். இறங்கி, திருநீற்றுப் பையிலிருந்த கற்பூரத்தை மண்ணில் கொளுத்தி, காருக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். டோலி தூக்கியவர்களும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள்.

பின் சீட்டிலிருந்து அவள் குரல் வந்தது. “இஞ்சாருங்கோ, அவர் உங்களையல்லோ சாமி எண்டு கூப்பிடுறார். ஆடுறது கார்.”

“ஆமாஞ் சாமி,” என்றார் சடையன். “உள்ளார என்னமோ ஆடுது, பாருங்கன்னு சொன்னேன். நீங்க விழுந்து கும்பிடவும், உங்க சீமையில வண்டியை இப்படித்தான் கெளப்புவாங்களாட்டம்னு நாங்களும் கும்பிட்டமுங்க.”

அவள் சிரித்தாள். பிள்ளை போனபிறகு அன்றுதான் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் காட்டிய இடத்தில் பார்த்தேன். எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்டு இளகிக் கிடந்தது. பாட்டரியின் எர்த் வயரையும் அதே போல்டில்தான் மாட்டியிருந்தார்கள். அது ஆட, விளக்கு, ஹாரன் எல்லாம் தடுமாறியிருக்கின்றன. ஸ்பானரால் இறுக்கினேன். உதறல் நின்றது. சிவசிவா என்று சேலம் போய்ச் சேர்ந்தோம்.

கொயினா மருந்தில் காய்ச்சல் இறங்கியது. “மறுபடி மலை ஏறினா மறுபடி வரும். சொந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க,” என்றார் டாக்டர். நான் யாழ்ப்பாணம் திரும்ப ஏறவேண்டிய தனுஷ்கோடிக் கப்பலை நினைத்துக்கொண்டேன்.

“ஊருக்கு எப்ப போறம்?” என்று அவளே கேட்டாள்.

“கொஞ்சம் தேறட்டும். கப்பலுக்குச் சொல்லி வைக்கிறன்.”

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். “கப்பலோ? பிள்ளை அங்கை மலையிலை தனியக் கிடக்குதல்லோ.”

நான் வெளியே வந்து காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினேன். ஒரு நடுக்கமும் இல்லாமல் ஓடியது. எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாமல், ஓடவிட்டபடியே ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன்.